ஆய்வுக் கட்டுரையா, வெறும் கட்டுரையா? காவிரிப் படுகை மாணவர்களுக்கு ஒரு வாசிப்பு வழிகாட்டி

மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல்லைப் பற்றி புராஜெக்ட் எழுத உட்காரும் முதுகலை மாணவர் கையில் ஒரே வாரத்தில் நான்கு தாள்கள் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த செய்தி. நெல் திருவிழாவில் கொடுத்த துண்டறிக்கை. வார இதழில் ஒரு பேராசிரியர் எழுதிய இரண்டு பக்கம். உணவறிவியல் ஆய்விதழில் வந்த எட்டுப் பக்கக் கட்டுரை. நான்கிலும் சர்க்கரை நோய் பற்றிய பேச்சு இருக்கும். நான்கும் துணைநூற்பட்டியலில் 1, 2, 3, 4 என்று சரிசமமாக ஏறிவிடும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் விரல் வைப்பது அந்தப் பட்டியலில்தான்.

கடினமான தமிழில் இருந்தால் ஆய்வு, எளிய தமிழில் இருந்தால் ஆய்வல்ல என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். எழுதியவர் பேராசிரியர் என்பதும் போதாது. அதே பேராசிரியர் காலையில் ஆய்விதழுக்கும் மாலையில் நாளிதழுக்கும் எழுதலாம். இரண்டும் வேறுவேறு வகை எழுத்து. பிரித்தறிய ஒரே கேள்விதான்: சொன்னதை வாசகர் திரும்பிப் போய்ச் சரிபார்க்க எழுதியவர் வழி விட்டிருக்கிறாரா? எந்தச் சான்று, எங்கே இருக்கிறது, எப்படித் திரட்டினார், எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்ற தடம் இருந்தால் அது ஆய்வு எழுத்து. தடம் இல்லாத எழுத்து உண்மையாகவே இருக்கலாம், அழகாகவும் இருக்கலாம். சான்றாக எடுத்துக்கொள்ள மட்டும் முடியாது.

முதல் ஐந்து நிமிடம்: படிக்காமல் புரட்டுங்கள்

கட்டுரையைக் கையில் எடுத்ததும் முதல் வரியில் தொடங்காதீர்கள். முன்பக்கத்தையும் கடைசிப் பக்கங்களையும் மட்டும் பாருங்கள்.

முன்பக்கத்தில் ஆசிரியர் பெயரும் அவர் பணியாற்றும் துறையும் நிறுவனமும் இருக்க வேண்டும். அதன் கீழே 150 முதல் 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம், நான்கைந்து திறவுச்சொற்கள். நல்ல இதழ்களில் மூன்று தேதிகளும் இருக்கும்: கட்டுரை வந்து சேர்ந்த நாள், திருத்தி அனுப்பிய நாள், ஏற்கப்பட்ட நாள். இந்தத் தேதிகளைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். வந்து மூன்றாம் நாள் ஏற்கப்பட்ட கட்டுரையை, அதே துறை அறிந்த இருவர் படித்துக் குறை சொல்லி, ஆசிரியர் திருத்தி அனுப்பியிருப்பார் என்று நம்ப இடமில்லை. அந்த மதிப்பாய்வு ஒழுங்காக நடந்தால் சாதாரணமாகச் சில மாதங்கள் ஆகும்.

கடைசிப் பக்கங்களில் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எண்ணிக்கையை விட வகை முக்கியம். பட்டியலில் இருப்பவை எல்லாம் பாடநூல்களும் இணையதள முகவரிகளும் மட்டுமென்றால், அந்தத் துறையில் முன்பு நடந்த ஆய்வுகளை எழுதியவர் தொடவில்லை. எல்லாமே அவருடைய சொந்தக் கட்டுரைகள் என்றாலும் யோசிக்க வேண்டியதுதான்.

நடுவே உட்தலைப்புகளை ஓட்டிப் பாருங்கள். அறிவியல் கட்டுரையில் முன்னுரை, பொருளும் முறையும், முடிவுகள், விவாதம் என்ற வரிசை இருக்கும். தமிழ், வரலாறு போன்ற துறைகளில் இந்தச் சட்டகம் கண்டிப்பாக இராது. ஆனால் ஆய்வின் எல்லை, பயன்படுத்திய சான்றுகள், முன்னோர் கருத்து ஆகியவை எங்காவது சொல்லப்பட்டிருக்கும். "அறிஞர்கள் கூறுகின்றனர்" என்று வந்தால் எந்த அறிஞர், எந்த நூல், எந்தப் பக்கம் என்று தேடுங்கள். "என்மனார் புலவர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் உரிமை தொல்காப்பியருக்கு உண்டு, எம்.ஏ. மாணவருக்கு இல்லை.

எண்களைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஐ.எஸ்.பி.என். என்பது புத்தகத்தை அடையாளம் காட்டும் 13 இலக்க எண். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர்ந்து வரும் இதழுக்கான 8 இலக்க எண். இரண்டும் வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. வண்டி ஓடுமா என்பதை அது சொல்லாது. இந்தியாவில் ஐ.எஸ்.பி.என். கட்டணமில்லாமலே கிடைக்கிறது. சமையல் குறிப்புக்கும் உண்டு, ஆய்வு நூலுக்கும் உண்டு. 10 என்று தொடங்கும் டி.ஓ.ஐ. எண்ணும் அப்படித்தான், கட்டுரை இருக்கும் இடத்தைக் காட்டும், தரத்தைக் காட்டாது.

கருத்தரங்கத் தொகுப்புகள் தனியாகச் சொல்ல வேண்டியவை. பதிவுக் கட்டணம் கட்டி, நான்கு பக்கம் அனுப்பினால், கருத்தரங்கு தொடங்கும் காலையிலேயே தடித்த தொகுப்பாக மேடையில் வெளியிடுவார்கள். கட்டுரையைப் படித்துக் காட்டுவதற்கு முன்பே அச்சாகிவிட்டது என்றால், அரங்கில் எழுந்த கேள்விகளுக்குப் பதில் அதில் எப்படி இருக்கும்? இப்படிப்பட்ட தொகுப்பில் அருமையான கட்டுரை ஒன்றிரண்டு கிடக்கும், கிடைத்தால் எடுங்கள். ஆனால் தொகுப்பில் வந்தது என்பதையே தகுதியாக எண்ணாதீர்கள்.

யு.ஜி.சி. கேர் என்ற அங்கீகரித்த இதழ்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று மூத்த மாணவர்கள் இன்னும் சொல்வார்கள். அந்தப் பட்டியலைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. இனி இதழின் தரத்தை நாமேதான் பார்க்க வேண்டும். ஆசிரியர் குழுவில் இருப்பவர்களின் பெயரை அவர்களுடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடுங்கள். மதிப்பாய்வு முறையை இதழ் விளக்கியிருக்கிறதா, பழைய இதழ்கள் முழுதாகக் கிடைக்கின்றனவா, கட்டணம் கேட்டால் எதற்கு என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். "48 மணி நேரத்தில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பி அழைக்கும் இதழை மூடி வைக்கலாம். வெளியீட்டுக் கட்டணம் வாங்கும் இதழ் எல்லாம் போலி என்பதும் தவறு. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் நேர்மையானவையும் கட்டணம் வாங்குகின்றன.

ஆய்வேடுகள் வேண்டுமென்றால் சோத்கங்கா இணையதளத்தில் தேடுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகம் உட்படப் பல பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டிலும் சேராதவை

அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கல்வெட்டு, செப்பேடு, தலபுராணம், களத்தில் பதிவு செய்த நடவுப்பாட்டு ஆகியவை ஆய்வு எழுத்து அல்ல. அதனால் அவை தாழ்ந்தவை என்று பொருளில்லை. அவை முதன்மைச் சான்றுகள். ஆய்வு அவற்றின் மேல் நடப்பது. வேளாண்மைத் துறையின் பயிர்ச் சாகுபடிக் கையேடு இன்னொரு வகை. ஆய்வு முடிவுகளிலிருந்து வடித்தெடுத்தது, ஆனால் எந்தச் சோதனை, எத்தனைப் பருவம் என்று சொல்லாது. பரிந்துரை என்ன என்பதற்கு அதை மேற்கோள் காட்டலாம். அந்தப் பரிந்துரை சரி என்று நிறுவுவதற்குக் காட்டக் கூடாது.

உள்ளூர் ஆர்வலர் சொந்தச் செலவில் அச்சிட்ட ஊர் வரலாறு சில சமயம் பேராசிரியர் கட்டுரையை விட உறுதியாக நிற்கும். கல்வெட்டு எண், எடுத்த நாள், படம், படித்தவர் பெயர் எல்லாம் கொடுத்திருந்தால் அதற்கு உரிய மதிப்பைத் தயங்காமல் கொடுங்கள்.

ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும் வரிசை

முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தால் பாதியில் தூக்கம் வரும். முதல் சுற்று 15 நிமிடம்: தலைப்பு, சுருக்கம், அட்டவணைகள், முடிவுரை. இரண்டாவது சுற்று ஒரு மணி நேரம்: முறை என்ற பகுதி, பிறகு முடிவுகள், கடைசியாக விவாதம். முறைப் பகுதியைத் தாண்டிப் போவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. கட்டுரையின் எலும்பு அங்கேதான் இருக்கிறது.

மாப்பிள்ளைச் சம்பாவுக்கே வருவோம். "இந்த அரிசியின் கிளைசெமிக் குறியீடு குறைவு" என்று ஆய்விதழ்க் கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் இந்தக் குறியீட்டை அளக்கும் வழக்கமான முறை இது: இரவு முழுக்கச் சாப்பிடாமல் வந்த, நோயில்லாத 10 பேருக்காவது 50 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும் அளவு சோறு கொடுப்பார்கள். 15, 30, 45, 60, 90, 120 நிமிடங்களில் விரல்நுனி ரத்தம் எடுப்பார்கள். அதே ஆட்களுக்கு வேறொரு நாள் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து ஒப்பிடுவார்கள். 55 வரை குறைவு, 56 முதல் 69 வரை நடுத்தரம், 70உம் அதற்கு மேலும் அதிகம்.

இப்போது கேள்விகளைக் கேளுங்கள். சோதனைக்கு வந்தவர்கள் நோயில்லாதவர்கள். சர்க்கரை நோயாளியைப் பற்றி இது நேரடியாக என்ன சொல்லும்? 50 கிராம் கார்போஹைட்ரேட் என்பது ஏறக்குறைய 65, 70 கிராம் அரிசியில் வருவது. வீட்டில் ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசி வடித்துச் சாப்பிடுபவருக்கு இது பொருந்துமா? அரிசி கைக்குத்தலா, தீட்டியதா? புழுங்கலா, பச்சையா? சோறு சூடாகக் கொடுத்தார்களா, பழையதாகவா? இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறும். இன்னொரு வகைக் கட்டுரையும் இருக்கிறது: அரிசிச் சாற்றைச் சோதனைக் குழாயில் விட்டு, மாவுப்பொருளைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை அது எவ்வளவு தடுக்கிறது என்று அளப்பது. அதில் மனிதரே வரவில்லை. ஆனால் துண்டறிக்கையில் இந்த இரண்டும் கலந்து "சர்க்கரை நோய் குணமாகும்" என்று ஆகிவிடும். அளந்தது ஒன்று, சொன்னது இன்னொன்று. இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான் விமரிசன வாசிப்பின் பெரும்பங்கு. ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுரையிலும் இந்த இடைவெளி அடிக்கடி தென்படும்.

மூட்டைக் கணக்கும் ஹெக்டேர் கணக்கும்

நெல் விளைச்சல் பற்றிய கட்டுரைகளில் அளவுகளே முதல் குழி. ஆய்விதழ் ஹெக்டேருக்கு 6 டன் என்று எழுதும். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர். ஆக ஏக்கருக்கு ஏறத்தாழ 2,430 கிலோ. 60 கிலோ மூட்டையில் இது 40 மூட்டை. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டையில் 60 மூட்டை. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்தால் மாவுக்கு 60 கிலோ மூட்டையில் 13, 14 மூட்டை. "ஏக்கருக்கு 60 மூட்டை கண்டது" என்று பேட்டியில் ஒருவர் சொன்னதையும் ஆய்விதழின் 6 டன்னையும் ஒப்பிடும் முன் எந்த மூட்டை என்று கேட்காவிட்டால் ஒப்பீடே பாழ். ஈரப்பதமும் அப்படியே. கொள்முதலில் 17 சதவீதம் வரை ஏற்பது வழக்கம். சோதனைத் திடல்களில் பெரும்பாலும் 14 சதவீதத்துக்குச் சரிசெய்து எழுதுவார்கள். 17 சதவீத ஈரத்தில் 6,000 கிலோ இருந்த நெல் 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் ஏறக்குறைய 5,790 கிலோதான்.

அடுத்து, திடலின் அளவு. 20 சதுர மீட்டர் பாத்தியில் அறுத்து ஹெக்டேருக்குப் பெருக்கினால் 500 மடங்கு பெருகும். அங்கே ஒரு கிலோ பிசகினால் ஹெக்டேருக்கு 500 கிலோ பிசகு. அதனால்தான் ஒரே முறையைத் தனித்தனிப் பாத்திகளில் மூன்று நான்கு முறை திரும்பச் செய்கிறார்கள், வரப்போர வரிசைகளை விட்டுவிட்டு அறுக்கிறார்கள். இவற்றைச் சொல்லாத கட்டுரையின் எண்ணைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

அட்டவணையின் அடியில் சி.டி. என்று ஒரு வரி இருக்கும். இரண்டு சராசரிகளுக்கிடையே குறைந்தது இவ்வளவு வேறுபாடு இருந்தால்தான் அது தற்செயல் அல்ல என்று கொள்ளலாம் என்பது அதன் பொருள். ஒரு பேச்சுக்கு, பழைய முறையில் 5.8 டன், புதிய முறையில் 6.1 டன், சி.டி. 0.45 என்று இருந்தால், வேறுபாடு 0.3தான், புதிய முறை கூடுதலாக விளைந்தது என்று அந்த அட்டவணை சொல்லவில்லை. சுருக்கத்தில் மட்டும் "விளைச்சல் அதிகரித்தது" என்று இருக்கும். அட்டவணையை நம்புங்கள்.

பிறகு மண். ஆடுதுறையின் களிமண்ணில் நடந்த சோதனையை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கான நிலத்துக்கோ, தலைஞாயிறு, வேதாரண்யம் கடைமடையின் உப்பு நிலத்துக்கோ அப்படியே தூக்கிப் போட முடியாது. குறுவையில் கிடைத்த முடிவு தாளடிக்கு வராது. "டெல்டாவுக்கு ஏற்றது" என்று கட்டுரை முடித்திருந்தால், எத்தனை ஊரில், எத்தனைப் பருவம் பார்த்தார்கள் என்று முறைப் பகுதிக்குத் திரும்புங்கள்.

தண்ணீர்க் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். காவிரியில் தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்பது உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது; நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் அது 192. இரண்டும் மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் அளப்பது, சாதாரண மழை ஆண்டுக்கானது. அளக்கும் இடத்தையும் ஆண்டின் தன்மையையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், மேட்டூரில் திறக்கும் நீரோடு குழப்பிக்கொள்வீர்கள்.

வரலாறும் இலக்கியமும்

தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி எழுதப்பட்டவை, பிரித்தறியும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடமில்லை என்று சொல்ல வைக்கும். "கோபுர நிழல் தரையில் விழாது" என்பதைச் சோதிக்க நூலகம் வேண்டாம். வெயிலுள்ள ஒரு மாலையில் போய் நின்றால் நிழல் தெரியும். "உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல்" என்பதற்குக் கேட்க வேண்டியது: யார் அளந்தார், எப்படிக் கணக்கிட்டார்? கட்டடத்தை நேரில் அளந்து வரைந்த ஆய்வுகள் அதைப் பல கற்கள் சேர்ந்த அமைப்பாகவே காட்டுகின்றன. சுற்றுலாப் புத்தகங்களோ ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

எதிரிடையான எடுத்துக்காட்டு, கோயில் நிறைவெய்திய ஆண்டு. ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பாடம் இருக்கிறது. அரசன் ஆட்சிக்கு வந்தது 985ஆம் ஆண்டின் நடுவில். 25ஆம் ஆண்டு தொடங்குவது 1009 நடுவில். அதிலிருந்து 275 நாள் என்றால் 1010ஆம் ஆண்டின் இளவேனில். ஒவ்வொரு படியையும் நீங்களே ஏறிப் பார்க்கலாம். 985உடன் 25ஐக் கூட்டினாலும் 1010 வரும், ஆனால் அது தற்செயல். நாள் எண் சிறியதாக இருந்திருந்தால் ஓராண்டு தவறியிருக்கும்.

இலக்கியத்தில் பதிப்பைப் பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார், 1894இல் புறநானூறு. ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காட்டுவது, கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடுவது ஆய்வுப் பதிப்பின் இலக்கணம். புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. சந்தையில் கிடைக்கும் "எளிய உரை"யில் எந்தப் பதிப்பைப் பின்பற்றினார்கள் என்ற குறிப்பே இல்லையென்றால், பாடலை அதிலிருந்து மேற்கோள் காட்டாதீர்கள். பொருள் விளங்கிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமூகவியல் படிப்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று: ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றைப் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில் ஊர்ப்பெயர் ஸ்ரீபுரம். அது புனைபெயர், ஊராரின் தனிமையைக் காக்க மாற்றி வைப்பது துறை வழக்கம். களப்பணி நடந்த ஆண்டை நூல் வெளிவந்த ஆண்டோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் தொடக்கத்து நிலவுறவை இன்றைய நிலவரமாக எழுதிவிடும் புராஜெக்டுகள் நிறைய.

மேற்கோளைத் துரத்துவது

உங்கள் வாதம் சாய்ந்து நிற்கும் இரண்டு மூன்று மேற்கோள்களையாவது மூலம் வரை துரத்துங்கள். இவர் அவரைச் சொல்வார், அவர் இன்னொருவரைச் சொல்வார், கடைசியில் ஒரு நாளிதழ்ச் செய்தியில் போய் முட்டும். மூலம் கிடைக்காவிட்டால் "இவர் எடுத்துக்காட்டியபடி" என்று எழுதுங்கள். பார்க்காத நூலைப் பார்த்தது போலப் பட்டியலிடாதீர்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த பட்டியல் என்றால் ஒவ்வொரு தலைப்பையும் கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். இல்லாத கட்டுரைக்கு ஆசிரியர், ஆண்டு, பக்க எண் எல்லாம் அழகாகப் போட்டுத் தரும்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரையா என்றும் பார்க்க வேண்டும். தட்டம்மை உள்ளிட்ட மூன்று நோய்களுக்கான தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய 1998ஆம் ஆண்டுக் கட்டுரை 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்டது; உலகின் பெயர்பெற்ற மருத்துவ இதழில் வந்தது; அந்த இதழே 2010இல் திரும்பப் பெற்றது. இன்றும் அதைச் சான்றாகக் காட்டுகிறார்கள்.

குறிப்பேட்டில் ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் கட்டுரை சொல்வது, பக்க எண்ணோடு. வலப்பக்கம் உங்கள் கேள்வி. இரண்டையும் கலந்து எழுதினால், மூன்று மாதம் கழித்து எது அவர் கருத்து, எது உங்களுடையது என்று தெரியாது. எழுத்துத் திருட்டு பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான்.

தொடக்கத்தில் சொன்ன நான்கு தாள்களும் புராஜெக்டில் இடம்பெறலாம். ஆய்விதழ்க் கட்டுரை முடிவுகளுக்கான சான்று. "நோயில்லாத இத்தனை பேரிடம் அளந்தபோது" என்று முறையோடு சேர்த்து எழுதுங்கள். வார இதழ்க் கட்டுரை அந்தப் பேராசிரியரின் கருத்து; "என்கிறார்" என்று அவர் வாயில் வையுங்கள். துண்டறிக்கை, அரிசி எப்படி விற்கப்படுகிறது என்பதற்கான முதன்மைச் சான்று. வாட்ஸ்அப் செய்தியும் அப்படித்தான்: துணைநூற்பட்டியலில் சேர்க்காமல், வந்த தேதியும் முழு வாசகமும் குறித்து, அனுப்பியவர் எண்ணை மறைத்து, பின்னிணைப்பில் வையுங்கள்.